வியாபாரமே நடக்கலீங்களே சார்!

போன வாரம் ஒரு அப்பாவும் மகனும் ஆபீசுக்கு வந்தார்கள். அப்பா சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர். மஞ்சப்பையிலிருந்து கணக்குக் கேட்டுக் கம்பெனிப் பதிவாளர் அனுப்பிய கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி என் மேஜையில் வைத்தார். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, கல்லூரி இன்குபேட்டரில் (புதுத்தொழில் தொடங்க உதவும் மையம்) சொன்னார்கள் என்று இரண்டு நண்பர்களோடு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்திருக்கிறான். மேடையில் சால்வை, கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ். அதோடு சரி. ஒரு பொருள்கூட விற்கவில்லை. இப்போது பெங்களூரில் வேலை. இந்த வருடம் என்னிடம் வந்த ஆறாவது கேஸ் இது.

"வியாபாரமே நடக்கலீங்களே சார், அப்புறம் எதுக்குங்க கணக்குக் காட்டணும்?" என்றார் அப்பா.

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது தனி ஆள். நீங்கள் பட்டம் வாங்கிப் போனாலும் அது உயிரோடுதான் இருக்கும். விற்பனை பூஜ்யமா? ஆடிட் உண்டு. ஜிஎஸ்டி எடுக்கவில்லையா? ஆடிட் உண்டு. வங்கிக் கணக்கில் ஐந்து ரூபாய்கூட இல்லையா? அப்போதும் உண்டு. உங்களையும் என்னையும் போன்ற மனிதர்களுக்கு இருப்பதுபோல 'இவ்வளவு வருமானத்துக்குக் கீழே வருமான வரி ரிட்டர்ன் வேண்டாம்' என்ற சலுகையும் கம்பெனிக்குக் கிடையாது. வருடா வருடம் பதிவாளரிடம் ஏஓசி-4 (வரவு செலவுக் கணக்கு), எம்ஜிடி-7ஏ (கம்பெனியின் ஆண்டறிக்கை) என்ற இரண்டு படிவமும் போட வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். உச்சவரம்பு இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வருடத் தாமதத்துக்கே 73,000 ரூபாய்.

இந்தப் பையன்கள் மூன்று வருடக் கணக்கு போடவில்லை. முதல் வருடக் கணக்கு மூன்று வருடத் தாமதம், அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது ஒன்று. மொத்தம் 4,38,000 ரூபாய். கம்பெனியின் மூலதனம் பத்தாயிரம்! தொடர்ந்து மூன்று நிதியாண்டு ஃபைலிங் விட்டால் கம்பெனிச் சட்டம் 164(2) பிரிவின்படி ஐந்து வருடம் வேறு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. நாளைக்கு நிஜமாகவே ஒரு நல்ல யோசனை வந்தாலும் கை கட்டித்தான் நிற்க வேண்டும்.

கல்லூரிகளுக்கு 'எத்தனை ஸ்டார்ட்அப்' என்ற எண்ணிக்கை தேவைப்படுகிறது. அந்தக் கணக்கில் உங்கள் பெயர் சேர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. எல்லா இன்குபேட்டரையும் ஒரே தராசில் போடவில்லை. திருச்சி ட்ரெக்-ஸ்டெப் 1986-லிருந்து இயங்குகிறது, கோவை பிஎஸ்ஜி-ஸ்டெப் 1998-லிருந்து. அப்படிப்பட்ட இடங்களில் லேப், மெஷின், வழிகாட்டி, வாடிக்கையாளர் அறிமுகம் இவைதான் சொத்து. அதைக் கேட்டு வாங்குங்கள். சர்டிபிகேட்டை ஃபிரேம் போடுவது அப்புறம்.

அவசரப்பட்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 2021-ல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில், விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனிக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று விதி. மூன்றாம் ஆண்டில் போட்டோவுக்காகப் பதிவு செய்துவிட்டு, படிப்பு முடித்து உருப்படியாக ஒரு மாதிரிப் பொருளைச் செய்து முடிக்கும்போது அந்தக் கதவு சாத்தியிருக்கும்.

அதனால் தம்பிகளே, தங்கைகளே, முதல் பில் போடும் நாள் நெருங்கும்வரை கம்பெனி வேண்டாம். சின்னதாக விற்றுப் பார்க்கத் தனிநபர் தொழிலாக உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) போதும். அது இலவசம், அதற்கும் ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். மாணவர் ஸ்டார்ட்அப்புக்காக 2019-ல் வந்த தேசியக் கொள்கை, வசதியும் சேவையும் தரும் கல்லூரி கம்பெனியில் 2 முதல் 9.5 சதவீதம்வரை பங்கு எடுக்கலாம் என்கிறது. கையெழுத்துப் போடுமுன் எத்தனை சதவீதம், பேடண்ட் யார் பெயரில் என்று படியுங்கள். கல்லூரி லேபில் செய்ததற்கு அவர்களும் பங்கு கேட்பார்கள். பதிவு செய்தே தீருவோம் என்றால், வருட ஆடிட் செலவை யார் தருவது என்று கூட்டாளிகள் எல்லோரும் அன்றைக்கே எழுதி வையுங்கள். மூட நினைத்தால் உடனே மூடுங்கள். கம்பெனியை மூடக் கேட்கும் எஸ்டிகே-2 படிவத்துக்குக் கட்டணம் 10,000 ரூபாய். பாக்கி ஃபைலிங்கை முடிக்காமல் அதையும் வாங்க மாட்டார்கள்.

சோமனூர்ப் பையன்கள் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறார்கள். மூன்று டைரக்டர்களும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாமவன் கனடாவில் இருக்கிறான். அவனுடைய டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகி வருடக்கணக்கில் ஆகிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை.