கம்பேக்: மறுவரவா, மீட்சியா?

2024 நவம்பரில், 58 வயதான முன்னாள் குத்துச்சண்டை வாகையர் மைக் டைசன் ஜேக் பால் என்னும் இளைஞரோடு மோதி எட்டுச் சுற்றுகளின் முடிவில் புள்ளிகள் அடிப்படையில் தோற்றபோது, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஒட்டுக்கடை ஒன்றில் தே தாரிக் தேநீரோடு அமர்ந்திருந்த இருவர் அதைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர், “இந்த வயதில் கம்பேக் கொடுத்தாரே, அதுவே பெரிது” என்றார். மற்றவர், “இதற்குப் பெயர் கம்பேக்கே இல்லை” என்று மறுத்தார். பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இருவர் சொன்னதும் சரியென்றே பட்டது. ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் வழங்கியதால்தான் அந்த வாதம் முடியாமல் நீண்டது.

ஆங்கிலத்தில் ‘வா’ என்னும் வினையும் ‘திரும்ப’ என்னும் அடையும் இணைந்து பிறந்த பெயர்ச்சொல் இது. ஒருவர் சொன்னதற்குச் சுடச்சுடக் கொடுக்கும் பதிலடியும் இச்சொல்லாலேயே குறிக்கப்படும். பழைய நிலைக்குத் திரும்புதல் என்னும் பொருளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அது பரவியது. ‘அவர்கள் ஒருபோதும் திரும்பி வருவதில்லை’ என்று குத்துச்சண்டைக்காரர்களிடையே ஒரு பழமொழியே உண்டு. ஓய்வுபெற்றவர்கள் மேடைக்கு வந்துகொண்டேதான் இருந்தார்கள் என்பதால், பழமொழி மறுத்தது அவர்களுடைய வருகையை அன்று, அவர்களுடைய பழைய ஆற்றலின் வருகையையே. இப்பொருளுக்கு நல்ல சான்று ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ். தோல்வியே காணாமல் 1905இல் ஓய்வுபெற்ற அவர், ஏறத்தாழ 45 கிலோ எடையைக் குறைத்துக்கொண்டு, 1910 ஜூலை 4 அன்று நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் ஜேக் ஜான்சனை எதிர்த்து நின்று, 15ஆம் சுற்றில் வீழ்ந்தார். உடல் வந்தது, ஆற்றல் வரவில்லை.

தமிழில் இச்சொல்லுக்கு ஈடாக இன்று பல வடிவங்கள் வழங்குகின்றன. ‘மறுபிரவேசம்’ என்பது நுழைவை மட்டுமே காட்டுகிறது. அரசியல் செய்திகளில் அது பழகிவிட்டதால் விளையாட்டுக்குச் சற்று அந்நியமாகவும் ஒலிக்கிறது. ‘மீள்வருகை’ அழகான சொல்தான், ஆனால் ‘மீள்’ என்பதிலேயே திரும்பி வருதல் அடங்கியிருப்பதால் அதனோடு வருகையையும் சேர்ப்பது மிகை. ‘மறுவரவு’ எளிமையாகவும் நேராகவும் இருக்கிறது: ஒருமுறை வந்துபோனவர் மறுமுறை வருகிறார், அவ்வளவே. வென்றாரா, தோற்றாரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

‘மீட்சி’ வேறு வகைச் சொல். ஆள் என்பதிலிருந்து ஆட்சியும், நீள் என்பதிலிருந்து நீட்சியும் பிறந்ததைப் போல, மீள் என்னும் வேரிலிருந்து பிறந்தது அது. மீள்வது என்றால் திரும்புவது மட்டுமன்று, ஓர் இக்கட்டிலிருந்து விடுபடுவதும் ஆகும். நோயிலிருந்து மீண்டார் என்கிறோம், கடனிலிருந்து மீண்டார் என்கிறோம். அதன் பிறவினையாகிய ‘மீட்டல்’ நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அடகுக் கடையில் வைத்த தாலிக்கொடியை மீட்ட கதை இல்லாத தோட்டப்புறக் குடும்பம் இந்நாட்டில் குறைவு. பழைய புறத்திணையில் பகைவர் கவர்ந்துசென்ற ஆநிரையை மீட்பது கரந்தை எனப்பட்டது. இழந்த பொருள் இழந்தவன் கைக்கே திரும்ப வேண்டும் என்னும் நிபந்தனை இவை அனைத்திலும் இருக்கிறது. ஆகவே வெறுங்கையோடு திரும்பியவரை மீண்டார் என்று எழுத இச்சொல் இடம்கொடாது.

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவைத்திருப்பதைத் தமிழ் இவ்வாறு இரண்டாகப் பிரித்துத் தருகிறது. அந்தப் பிரிவை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. 1959இல் இங்கேமார் யோஹான்சனிடம் பட்டத்தை இழந்த ஃப்ளாய்ட் பேட்டர்சன், மறு ஆண்டே அவரை வீழ்த்தி, மிகு எடைப் பிரிவில் இழந்த பட்டத்தைத் திரும்பப் பெற்ற முதல் வீரர் ஆனார். அவர் களத்தைவிட்டுப் போகவே இல்லை என்பதால் அதை மறுவரவு என்பது பிழை. பட்ட மீட்பு என்பதே பொருந்தும்.

முகமது அலியின் வாழ்வில் இரண்டையும் தனித்தனியே காணலாம். வியட்நாம் போருக்குப் படையில் சேர மறுத்ததற்காக 1967இல் பட்டம் பறிக்கப்பட்ட அவர், 1970 அக்டோபரில் அட்லாண்டாவில் ஜெர்ரி குவாரியோடு மோதியது மறுவரவு. 1971இல் ஜோ ஃபிரேசியரிடம் தோற்றதால் மீட்சி தள்ளிப்போயிற்று. 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தியபோதுதான் அது நிறைவேறியது. அதற்கு எட்டு மாதங்களுக்குப் பின், 1975 ஜூலை 1 அன்று, நம் கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு 15 சுற்றுகள் மோதி அலி பட்டத்தைக் காத்துக்கொண்டார். 1957இல் விடுதலை அறிவிக்கப்பட்ட அதே திடலில் இந்நகர மக்கள் கண்டது, மீட்சி பெற்ற ஒரு வீரரை. பின்னர் ஓய்வை அறிவித்துவிட்டு 1980இல் லாரி ஹோம்ஸின் முன் வந்து நின்ற அலி, பத்துச் சுற்றுகள் அடிவாங்கியபின் பயிற்சியாளரால் நிறுத்தப்பட்டார். அதையும் 1974ஆம் ஆண்டு வெற்றியையும் ‘கம்பேக்’ என்ற ஒரே சொல்லால் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வேறுபாடு, வெவ்வேறு காலத்து வீரர்களை ஒப்பிடும்போது இன்னும் கூர்மையாகத் தேவைப்படுகிறது. ஜோ லூயிஸ் பெரியவரா, ராக்கி மார்சியானோ பெரியவரா என்று கேட்டால், 1951இல் லூயிஸை மார்சியானோ எட்டாம் சுற்றில் வீழ்த்தினாரே என்பார்கள். அன்று லூயிஸுக்கு 37 வயது; ஓய்வுக்குப் பின் வரிக்கடன் நெருக்கியதால் மேடையேறியவர் அவர். 1938இல் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 வினாடிகளில் முடித்த லூயிஸை மார்சியானோ சந்திக்கவே இல்லை. மறுவரவில் நேர்ந்த தோல்வியை, ஒருவருடைய நல்ல காலத்தை அளக்கும் தராசில் வைப்பது நியாயமன்று. மனிதர்களால் இயலாத ஒப்பீட்டைக் கணினியிடம் ஒப்படைத்தும் பார்த்தார்கள். 1969இல் அலியும் மார்சியானோவும் படக்கருவியின் முன் போலியாக மோதினார்கள். 1970இல் திரையிடப்பட்ட அமெரிக்கப் பதிப்பில் கணினி மார்சியானோவுக்கு வெற்றியளித்தது, ஐரோப்பாவிலோ அலி வெல்லும் முடிவு காட்டப்பட்டது.

எடைப் பிரிவின் பெயரும் காலத்தோடு பொருள் மாறியிருக்கிறது. 49 போட்டிகளிலும் வென்ற மார்சியானோவின் எடை ஏறத்தாழ 85 கிலோதான். தொழில்முறைக் குத்துச்சண்டையில் மிகு எடைப் பிரிவு இன்று பொதுவாக 90.7 கிலோவுக்கு மேல்தான் தொடங்குகிறது. அந்த எடையோடு அவர் இன்று வந்தால் ஒரு படி கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவில்தான் நிறுத்துவார்கள்.

காலங்களை ஒப்பிட ஓரளவு நம்பத்தக்க சான்று ஒன்று உண்டென்றால், அது ஒரே உடலில் இரு தலைமுறைகளைக் கடந்து நின்ற ஜார்ஜ் ஃபோர்மன். 1973இல் ஃபிரேசியரை வீழ்த்திப் பட்டம் வென்றவர். 1977இல் விலகி, மதபோதகராகிப் பத்தாண்டுகள் ஒதுங்கியிருந்தவர். 1991இல் எவாண்டர் ஹோலிஃபீல்டிடம் பன்னிரண்டு சுற்றுகள் தாக்குப்பிடித்துத் தோற்றவர். 1994 நவம்பர் 5 அன்று, 45 வயதில், தம்மைவிட 19 வயது இளையவரான மைக்கேல் மூரரிடம் ஒன்பது சுற்றுகளாகப் பின்தங்கியிருந்து, பத்தாம் சுற்றில் ஒரு நேர்க்குத்தால் அவரைச் சாய்த்தார். கின்ஷாசாவில் தோற்றபோது அணிந்திருந்த அதே சிவப்புக் காற்சட்டையை அன்றும் அணிந்திருந்தார். அங்கே எதை இழந்தாரோ அதையே இருபது ஆண்டுகள் கழித்து மீட்டார் என்பதால், அடகு நகைக்கு நாம் சொல்லும் அந்த வினை இவருக்கு அப்படியே பொருந்துகிறது.

இனி, தொடரில் அமைக்கும் முறை பற்றி ஒரு சொல். ‘கம்பேக் கொடுத்தார்’ என்பதைப் பின்பற்றி ‘மறுவரவு கொடுத்தார்’, ‘மீட்சி கொடுத்தார்’ என்று எழுதத் தொடங்கினால் சொல் தமிழாகியும் தொடர் தமிழாகாது. தலைப்புக்கும் ஆய்வுக்கும் பெயர்ச்சொற்களை வைத்துக்கொண்டு, செய்தி வாக்கியத்தில் வினையையே ஆள்வது நம் மொழிக்கு இயல்பு. டைசன் 2024இல் திரும்பினார். ஃபோர்மன் 1987இல் திரும்பினார், 1994இல் மீண்டார்.