கழுவி எடுத்த நச்சுவாயு எங்கே போகிறது?

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்துச் சேகோ மில்காரர்கள் இப்போது என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "சார், நம்ம பயோகேஸைச் சுத்தம் பண்ணி சிலிண்டர்ல அடைச்சு விக்கலாங்கிறாங்களே, அதுக்கு எந்த கெமிக்கல் போடணும்?" கரைப்பான் விற்க வருகிறவர்களும் இந்தக் கேள்விக்குத்தான் பதிலோடு வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. "கேஸ்ல இருந்து பிரிச்சு எடுக்கிற ஹைட்ரஜன் சல்பைடுங்கிற விஷவாயுவை எங்க விடப் போறீங்க?" பெரும்பாலும் பதில் வருவதில்லை. இயற்கை எரிவாயுச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேதிப்பொறியாளனாக வேலை பார்த்துவிட்டுத் தருமபுரிக்குத் திரும்பியவன் நான். அந்தப் பதில் கிடைக்கும்வரை எந்த மில்லிலும் கேஸைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குச்சிக்கிழங்கை அரைத்து மாவைப் பிரித்தபின் மிஞ்சும் தண்ணீரை மூடிய தொட்டியில் விட்டால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் அதிலிருந்து எரிவாயு உண்டாக்கும். அதில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம் இருக்கும். மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் சில நூறு பங்கிலிருந்து சில ஆயிரம் பங்கு வரை, அதாவது சில ஆயிரம் பிபிஎம் வரை, இருக்கலாம். மாவுப்பால் தெளியவும் வெளுக்கவும் கந்தக அமிலம் சேர்க்கிற மில்லில் இது இன்னும் கூடும். அமிலத்தில் உள்ள சல்பேட்டைத்தான் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. ஆகவே கேஸைச் சுத்தம் செய்யும் வேலை மாவுத் தொட்டியிலேயே ஆரம்பிக்கிறது. அமிலத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்வது சாப்பிடுகிறவர்களுக்காக மட்டுமல்ல, தொட்டிப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்காகவும்தான்.

கார்பன் டை ஆக்சைடு எரியாது, சிலிண்டரில் இடத்தை மட்டும் அடைக்கும். ஹைட்ரஜன் சல்பைடு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும், பித்தளை வால்வைக் கருக்க வைக்கும். எரித்தால் கந்தக டை ஆக்சைடு ஆகும். இப்படிச் சுத்தம் செய்த கேஸான பயோமீத்தேனுக்கு ஐஎஸ் 16087 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அதன் 2016 பதிப்பின்படி மீத்தேன் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும், கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கந்தகம் கனமீட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 2018 அக்டோபரில் பயோகேஸைச் சுத்தம் செய்து அழுத்தி எரிபொருளாக விற்க வழிசெய்யும் சதத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபின் மில்காரர்களுக்கு இதில் ஆர்வம் கூடியிருக்கிறது. நல்ல ஆர்வம்தான்.

அமீன் என்ற காரத் தன்மையுள்ள வேதிப்பொருளின் கரைசலால், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகிய அமில வாயுக்களைக் கழுவும் முறைக்கு ராபர்ட் பாட்டம்ஸ் 1930-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதேதான். ஒரு கோபுரத்தில் மேலிருந்து கரைசல் இறங்கும், கீழிருந்து வாயு ஏறும். 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் கரைசல் இரண்டு அமில வாயுக்களையும் பிடித்துக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் ஏறக்குறைய 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். பிறகு குளிர்ந்து முதல் கோபுரத்துக்கே திரும்பும்.

எந்த அமீன் என்று பார்க்கும்போதுதான் ஒன்றோடு ஒன்றைக் கலக்கும் தேவை வருகிறது. எம்இஏ (மோனோ எத்தனால் அமீன்) வேகமாகப் பிடிக்கும். ஆனால் விடவைக்க வெப்பம் நிறைய வேண்டும், இரும்பையும் அரிக்கும். அதனால் அதை 15, 20 சதவீத அளவில் நீர்க்கக் கலந்தே ஓட்டுவது வழக்கம். எம்டிஇஏவை (மெத்தில் டை எத்தனால் அமீன்) 50 சதவீதம் வரை கலக்கலாம், வெப்பமும் குறைவாகப் போதும். அது ஹைட்ரஜன் சல்பைடை உடனே பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடை மெதுவாகத்தான் எடுக்கும். அந்த மெத்தனத்தைப் போக்கக் கொஞ்சம் பைப்பரசின் சேர்க்கிறார்கள். இது அமீனோடு அமீன் சேர்ந்த கலப்பு. ஷெல் நிறுவனத்தின் சல்ஃபினால் வேறு வகை. அதில் அமீன், தண்ணீர் இரண்டோடு சல்ஃபோலேன் என்ற கரைப்பானும் இருக்கும். சல்ஃபோலேன் இந்த வாயுக்களோடு வினைபுரியாது. கோலி சோடாவில் கேஸ் அடங்கியிருப்பதுபோல் அழுத்தத்தில் வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அழுத்தம் போனால் விட்டுவிடும். பூமிக்கடியிலிருந்து பெரும் அழுத்தத்தில் அமில வாயுக்கள் மிகுந்து வரும் இயற்கை எரிவாயுவுக்கு இது அருமையான கலவை.

நம் தொட்டியில் அந்த அழுத்தம் கிடையாது. பயோகேஸ் காற்றழுத்தத்தை ஒட்டியே வருகிறது. அந்த நிலையில் சல்ஃபோலேனுக்குச் செய்ய அதிக வேலை இல்லை. பெரிய எரிவாயு நிலையங்களில் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை இங்கே விற்பது சரியல்ல. கரைசல் முறைதான் வேண்டும் என்றால் எம்டிஇஏவும் பைப்பரசினும் சேர்ந்த கலவை நமக்குப் பொருந்தும்.

இனி, நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு மில் கேஸில் கார்பன் டை ஆக்சைடு 40 சதவீதம், ஹைட்ரஜன் சல்பைடு 2000 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைசல் மீத்தேனை விட்டுவிட்டு இவை இரண்டையும் எடுக்கிறது. சூடாக்கும் கோபுரத்தின் உச்சியில், நீராவி போக, இவை இரண்டு மட்டுமே வெளிவரும். அங்கே ஹைட்ரஜன் சல்பைடு ஏறக்குறைய 5000 பிபிஎம் ஆகிவிடும். 1000 பிபிஎம்மில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். ஹைட்ரஜன் சல்பைடும் கார்பன் டை ஆக்சைடும் காற்றைவிடக் கனமானவை. காற்றசையாத இரவில் கூரை உயரத்துக் குழாயிலிருந்து அப்படியே தரைக்கு இறங்கி, பள்ளம் பார்த்துத் தேங்கும். பெரிய நிலையங்களில் இந்த வாயுவைக் கிளாஸ் முறையில் கந்தகமாக மாற்றுவார்கள். ஒரு சேகோ மில்லுக்கு அது கட்டுபடியாகாது.

அதனால் என் சிபாரிசு, ஹைட்ரஜன் சல்பைடை முதலிலேயே தனியாகப் பிடித்துவிட்டு, பிறகு கரைசலுக்கு அனுப்புவது. தொட்டியிலேயே ஃபெரிக் குளோரைடு விட்டால் கந்தகத்தில் பெரும்பகுதி இரும்புச் சல்பைடாகப் படிந்துவிடும். தப்பி வருவதை இரும்பு ஆக்சைடு நிரப்பிய உருளை பிடிக்கும். தீர்ந்துபோன அந்தச் சரக்கை உலரவிட்டு வெளியே கொட்டாதீர்கள். காற்றுப் பட்டதும் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். நன்றாக நனைத்தபின் எடுங்கள். தொட்டிக்குள் கொஞ்சம் காற்று செலுத்திக் கந்தகத்தைப் பிரிக்கும் மலிவான முறையைச் சிலர் சொல்வார்கள். கேஸை அடுப்பெரிக்க மட்டும் பயன்படுத்துகிற மில்லுக்கு, அளவை ஒழுங்காகக் கட்டுப்படுத்தினால், அது சரிவரும். சிலிண்டரில் அடைப்பதாக இருந்தால் வேண்டாம். காற்றோடு வரும் நைட்ரஜனை எந்தக் கரைசலும் எடுக்காது, ஆக்சிஜன் அமீனையே கெடுக்கும்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கோபுரத்தில் நீராவியாகப் போகும் தண்ணீருக்கு ஈடாகப் போர் தண்ணீரை ஊற்றினால், அதிலுள்ள குளோரைடும் ஃபுளோரைடும் வெளியேற வழியின்றிக் கரைசலில் சேர்ந்துகொண்டே போகும். கரைசல் நுரைக்கும், குழாய் அரிக்கும், அமீனின் பிடிப்பும் குறையும். உப்பு நீக்கிய தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

"வாசமே வரல சார், கேஸ் இல்ல" என்று தொட்டி ஓரத்தில் நின்று ஆப்பரேட்டர்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்குப் பதறுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவில் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம்மைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாது. அந்த 100 பிபிஎம்தான் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் அளவும். அமிலத் தன்மையுள்ள கழிவுநீரையும் அடியில் படிந்த சேற்றையும் கலக்கும்போது கரைந்திருந்த வாயு ஒரேயடியாகக் கிளம்பும். குழிக்குள் ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இறங்குகிறவரும் விழுகிறார். மூக்கில் துண்டு கட்டினாலும் சாதாரண முகமூடி போட்டாலும் அதற்குத் தடையாகாது. காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி இல்லாத யாரும் இறங்கக் கூடாது. 101-க்கும் 108-க்கும் உடனே கூப்பிட வேண்டும்.

சட்டைக் காலரில் மாட்டும் வாயு உணரியைத் தொட்டிப் பக்கம் போகும் ஒவ்வொருவருக்கும் வாங்கிக் கொடுங்கள். நம் மில்களில் வட மாநிலப் பிள்ளைகள் நிறைய வேலை பார்க்கிறார்கள். எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் மட்டும் எழுதி வைத்தால் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. இந்தியிலும் அவர்களுடைய சொந்த மொழியிலும் எழுதுங்கள். எழுத்தே தெரியாதவர்களைத் தொட்டிக்கே கூட்டிப்போய், உணரி கத்தினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டுங்கள்.