கிராஸ் கன்ட்ரில டைம் குறைஞ்சா புள்ள வேகமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல

கலிஃபோர்னியா பே ஏரியால ஸ்போர்ட்ஸ் பிசியோவா வேலை பாக்குறேன். செப்டம்பர் வந்தாச்சுன்னா ஹைஸ்கூல் கிராஸ் கன்ட்ரி (டிராக்ல இல்லாம பார்க்ல, புல்லு, மேடு பள்ளம்னு ஓடுற ரேஸ்) பசங்க வரிசையா வர ஆரம்பிப்பாங்க, இப்பல்லாம் நம்ம தமிழ்ப் பசங்களும் கணிசமா இருக்காங்க. முழங்காலுக்குக் கீழ முன் எலும்பு வலிக்குதுன்னு புள்ள சொல்லிட்டு இருக்கும்போதே அப்பா போனை எடுத்து டைம் லிஸ்ட்டைக் காட்டுவாரு. "போன மாசம் 16:24 ஓடினான், இப்ப 17:10, என்ன ஆச்சுன்னே தெரியல, ரொம்ப ஸ்லோ ஆயிட்டான்." நான் முதல்ல கேக்குறது கால் பத்தி இல்ல, எந்த கோர்ஸ், அதாவது எந்த ஓட்டப் பாதைன்னு தான்.

ஏன்னா கேட்டா அந்த 16:24 மூணு மைல் ரேஸா இருக்கும், இந்த 17:10 அஞ்சு கிலோமீட்டரா இருக்கும். மூணு மைல்ங்கிறது 4828 மீட்டர், அஞ்சு கிலோமீட்டருக்கு 172 மீட்டர் கம்மி. 17 நிமிஷத்துல 5 கே ஓடுற பையனுக்கு அந்த 172 மீட்டர் ஓட 35 செகண்ட் ஆகும். மூணு மைலை 16:24ல ஓடின அதே வேகத்துல அப்படியே 5 கே ஓடியிருந்தா கிட்டத்தட்ட 16:59 வரும், கடைசில கொஞ்சம் களைப்பு, ரெண்டு மேடு, அவ்ளோதான் 17:10. பையன் ஸ்லோ ஆகவே இல்ல. ஆனா வீட்டுல ஒரு மாசமா இதே பேச்சு, சாப்பாட்டு டேபிள்லயும் இதான்.

கிராஸ் கன்ட்ரிக்கு ஒரே தூரம்னு ஒண்ணு கிடையாது, இது நிறைய பேரன்ட்ஸுக்குத் தெரியறதில்ல. அமெரிக்க ஹைஸ்கூல் ரூல் புக்கே 2500 மீட்டர்ல இருந்து 5000 மீட்டர் வரைக்கும் எது வேணா வச்சுக்கலாம்னு தான் சொல்லுது. பெரும்பாலான ஸ்டேட்ல 5 கே தான், ஆனா இல்லினாய்ஸ் ஸ்டேட் மீட் (மாநில அளவுப் போட்டி) பியோரியால டெட்வைலர் பார்க்ல மூணு மைல். நியூயார்க் ப்ராங்க்ஸ்ல இருக்குற வேன் கோர்ட்லேண்ட் பார்க்ல ஹைஸ்கூல் பசங்க ஓடுறது ரெண்டரை மைல். நம்ம பக்கத்துலயே பெல்மான்ட்ல கிறிஸ்டல் ஸ்ப்ரிங்ஸ் 2.95 மைல், தெற்க வால்நட்ல மவுண்ட் சாக் 2.93 மைல். ஸ்டேட் மீட் நடக்குற ஃப்ரெஸ்னோ வுட்வர்ட் பார்க் 5 கே. ஒரே சீசன்ல ஒரே பையன் இதுல மூணு விதமான தூரம் ஓடிடுவான், ரிசல்ட் சைட்ல எல்லாம் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வரிசையா நிக்கும், பாக்குறவங்களுக்கு எல்லாம் ஒரே பரீட்சையோட மார்க் மாதிரி தெரியும்.

சரி, தூரத்தை வச்சு கணக்கு போட்டு சரி பண்ணிடலாமேன்னு எஞ்சினியர் அப்பாக்கள் உடனே எக்செல் திறப்பாங்க. அதுவும் நடக்காது. மவுண்ட் சாக் மூணு மைலை விட 113 மீட்டர் கம்மி தான், ஆனா அங்க இருக்குற மேடு ஒவ்வொண்ணும் பசங்க மூச்சை வாங்கிடும், சமதளத்துல மூணு மைல் ஓடுறதை விட அங்க டைம் கூட தான் ஆகும். சின்ன கோர்ஸ் ஆனா ஸ்லோ கோர்ஸ். அதுக்கு நேர் எதிர், ராத்திரில லைட் போட்டு சமமான புல்தரையில நடத்துற வுட்பிரிட்ஜ் கிளாசிக் மாதிரி மீட், மூணு மைல், வெயிலும் கிடையாது மேடும் கிடையாது, அங்க எல்லாருக்கும் பி.ஆர் (தன்னோட பெஸ்ட் டைம்) கொட்டும். செப்டம்பர் வெயில், நவம்பர் மழைச்சேறுன்னு வேற இருக்கு, அதெல்லாம் எந்த எக்செல்லும் பிடிக்காது.

இதுல இன்னொரு விஷயம், 5 கேன்னு போட்டிருக்கிறது நிஜமாவே 5 கே தானாங்கிறது. ரோடு ரேஸ்னா சைக்கிள் சக்கரத்துல ஜோன்ஸ் கவுன்ட்டர்னு ஒரு கருவியை மாட்டி, ஸ்டீல் டேப்ல அளந்து வச்ச நேர்க்கோட்டுல சரிபார்த்து, அப்புறம் தான் அளப்பாங்க. கோர்ஸ் குறைஞ்சிடக் கூடாதுன்னு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடவே சேப்பாங்க, அதனால சர்ட்டிஃபைடு 5 கேன்னா 5005 மீட்டர் வரும். கிராஸ் கன்ட்ரில அந்த மாதிரி யாரும் கேக்குறதில்ல. பெரும்பாலும் கோச்சோ வாலன்டியரோ தள்ளு சக்கரத்தை உருட்டிட்டு புல்லு மேல நடப்பாரு. புல்லு மேடு பள்ளத்துல சக்கரம் குதிக்கும், அவரும் நேரா நடக்காம லேசா வளைஞ்சு நெளிஞ்சு போவாரு, அதனால சக்கரம் தூரத்தை அதிகமா காட்டும், அப்ப ஃபினிஷ் லைனை முன்னாடியே போட்டுடுவாங்க, கோர்ஸ் குறைஞ்சிடும். ரூல் புக் ஓடக்கூடியதுலயே ரொம்பக் குறைவான தூரம் வர்ற வழியில அளக்கச் சொல்லுது. பாதை நடுவுல அளந்துட்டா பசங்க ஒவ்வொரு திருப்பத்துலயும் உள்பக்கமா வெட்டிப் போவாங்க, திரும்ப சில மீட்டர் போச்சு. போன வருஷம் நட்ட கொடி இந்த வருஷம் பார்க் வேலை நடக்குதுன்னு பத்தடி தள்ளி நிக்கும். 50 மீட்டர் குறைஞ்சா போதும், 17 நிமிஷ பையனுக்கு 10 செகண்ட் சும்மா கிடைக்குது.

"5 கேன்னா 3.1 மைல் வரணும், வாட்ச் 3.04 தான் காட்டுச்சு, அப்ப கோர்ஸ் ஷார்ட்"னு சண்டைக்கு நிக்கிறவங்களும் உண்டு. மரத்தடியிலயும் திருப்பத்துலயும் ஜிபிஎஸ் கூடவும் காட்டும் குறைச்சும் காட்டும். ஒரே ரேஸ் ஓடின டீம்மேட்ஸ் நாலு பேர் வாட்சைப் பாருங்க, நாலும் ஒண்ணு சொல்லாது.

அதுக்காக ஃபாஸ்ட் டைம் எல்லாமே பொய்யின்னு சொல்லல. 2021 டிசம்பர்ல அலபாமா ஹன்ட்ஸ்வில்ல நடந்த ரன்னிங்லேன் மீட்ல கலிஃபோர்னியா நியூபரி பார்க் ஹைஸ்கூல் பையன் காலின் சால்மன் 5 கே 14:03 ஓடினாரு, அதுக்கு முன்னாடி 2000ல மிச்சிகன்ல டேத்தன் ரிட்சன்ஹைன் ஓடின 14:10 தான் பெரிய பேரா இருந்துச்சு. அது ரொம்ப சமமான, வேகமான கோர்ஸ் தான். ஆனா அடுத்த வருஷமே சால்மன் 4 நிமிஷத்துக்குள்ள மைல் ஓடிக் காட்டினாரு, அது 400 மீட்டர் டிராக்ல. அங்க யாரும் தூரத்தைக் கேள்வி கேக்க முடியாது. நிறைய காலேஜ் கோச்சுங்க 1600, 3200 மீட்டர் டிராக் டைமைத் தான் முதல்ல பாக்குறதும் இதனால தான். உலக அளவுல கூட கிராஸ் கன்ட்ரிக்கு உலக சாதனைன்னு ஒண்ணு வைக்கறதில்ல.

நான் பிசியோவா இதுல ஏன் மூக்கை நுழைக்கிறேன்னா, தப்பான டைம் பேப்பரோட நிக்கிறதில்ல, காலுக்கு வந்து சேருது. ஃபாஸ்ட் கோர்ஸ்ல வந்த டைமை ஆன்லைன் கால்குலேட்டர்ல போட்டு டிரெய்னிங் பேஸ் எடுத்தா, 35 செகண்ட் வித்தியாசம் மைலுக்கு 11 செகண்ட் வேகமா வந்து நிக்கும், வாரா வாரம் டெம்போ ரன் (ரேஸை விடக் கொஞ்சம் கம்மி வேகத்துல ஓட வேண்டிய பயிற்சி) எல்லாம் ரேஸ் மாதிரி ஆயிடும். அடுத்து ஸ்லோ கோர்ஸ்ல டைம் ஏறினதும் பயம் வரும். கோச்சுக்குத் தெரியாம காலைல எக்ஸ்ட்ரா நாலு மைல், வெயிட் குறைச்சா வேகம் வரும்னு சோத்தைக் குறைக்கிறது, இதெல்லாம் க்ளினிக்ல திரும்பத் திரும்ப கேக்குற கதை. பொண்ணுங்கள்ல பீரியட்ஸ் நின்னு போயிருக்கும், அம்மாகிட்ட கூட சொல்லியிருக்காது. அது உடம்புக்கு சாப்பாடு பத்தலைங்கிற எச்சரிக்கை, எலும்பையும் பலவீனமாக்கும், "ஓடுற பொண்ணுங்களுக்கு சகஜம்"னு விட்டுடாதீங்க.

டைமைப் பாக்கவே கூடாதான்னா, பாருங்க, ஆனா அதே கோர்ஸ்ல போன வருஷம் எவ்ளோன்னு பாருங்க. இல்ல, வழக்கமா கூட ஓடுற ரெண்டு மூணு பசங்களுக்கும் உங்க புள்ளைக்கும் இருக்குற இடைவெளி குறையுதான்னு பாருங்க, அவங்களும் அதே மேட்டுல தானே ஏறினாங்க. இந்த விளையாட்டே டைமை எண்ணாது, டீம்ல முதல் அஞ்சு பேர் எத்தனாவதா வந்தாங்கன்னு கூட்டி, எது கம்மியோ அந்த டீம் ஜெயிக்கும். நியூயார்க்ல பில் மெய்லன்னு ஒருத்தர் குதிரை ரேஸ் முறையை எடுத்து ஸ்பீட் ரேட்டிங்னு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மார்க் போடுறாரு, ஒரு பாயின்ட்டுக்கு 3 செகண்ட், கோர்ஸையும் அன்னைக்கு இருந்த நிலைமையையும் கணக்குல எடுத்துக்கும்.

இத்தனைக்கு அப்புறமும் அதே கோர்ஸ்ல, அதே மாதிரி நாள்ல, வழக்கமா பின்னாடி வர்ற பசங்க எல்லாம் முந்திட்டுப் போறாங்கன்னா அப்ப நிஜமாவே ஏதோ இருக்கு. சைவ வீடுன்னா டாக்டர்கிட்ட ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினும் (உடம்புல சேமிப்பா இருக்குற இரும்புச்சத்தோட அளவு) பாக்கச் சொல்லுங்க, ஹீமோகுளோபின் நார்மலா இருந்துகிட்டே ஃபெரிட்டின் அடிமட்டத்துல கிடக்கலாம். முன் எலும்புல வலி உள் ஓரமா நீளமா பரவியிருந்து, ஓட ஓட குறைஞ்சா பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட், அதாவது எலும்பு ஓரத்துல வர்ற எரிச்சல். ஒரே இடத்துல விரல் வச்சுக் காட்டுற மாதிரி வலி, ஓட ஓட ஏறுது, படுத்தா கூட வலிக்குதுன்னா அன்னைக்கே ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரே கிளீனா வரலாம், அதை வச்சு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (எலும்புல விழுற மெல்லிய விரிசல்) இல்லன்னு முடிவு பண்ணாம எம்ஆர்ஐ வேணுமான்னு கேளுங்க, அடுத்த சனிக்கிழமை லீக் ஃபைனலா இருந்தாலும் சரி.