பழைய வேட்டியும் மஞ்சள் கறையும்

குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா முதலில் தேடியது அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியைத்தான். துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டி. கரையைக் கிழித்து எறிந்துவிட்டு, மீதியைக் கைக்குட்டை அளவில் சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கி வைத்தார். அதே அலமாரியில் நண்பர்கள் வாங்கி வந்த பேபி வைப்ஸ் (குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள்) பாக்கெட்டுகளும் ஏழெட்டு இருந்தன. அம்மா அவற்றைத் தொடவே இல்லை. நான் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் அச்சடித்திருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன்.

பட்டியலில் முதல் பெயர் தண்ணீர். பெரும்பாலான வைப்ஸில் ஊறியிருக்கும் திரவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான்; சில பாக்கெட்டுகளில் 99 சதவீதம் என்றே போட்டிருப்பார்கள். மீதியில் அழுக்கை நீக்கக் கொஞ்சம், வழுவழுப்புக்குக் கொஞ்சம், அமிலத்தன்மையைச் சரிக்கட்டச் சிட்ரிக் அமிலம், அப்புறம் பதப்படுத்திகள். அளவில் சிறியதானாலும் இந்தக் கடைசிச் சரக்குதான் கவனிக்க வேண்டியது.

ஈரத் துணி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடி, நான்கு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். வைப்ஸ் பாக்கெட்டோ ஈரத்தோடு மாதக்கணக்கில் கிடங்கிலும் கடையிலும் கிடக்கிறது. அதில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பதப்படுத்தி வேண்டும். அதாவது அந்தப் பொருள் குழந்தையின் தோலுக்காகச் சேர்க்கப்பட்டதல்ல, பாக்கெட்டுக்காகச் சேர்க்கப்பட்டது. துணியை நாம் தேவைப்படும் நேரத்தில்தான் நனைக்கிறோம். அதனால் அதற்குப் பதப்படுத்தி தேவைப்படுவதில்லை. ஊறுகாய்க்கும் காலையில் அரைத்த சட்னிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் பதப்படுத்திகளால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒரு பொருள் வம்பு செய்தது. அதன் பெயர் மெத்தில் ஐசோதயசோலினோன். 2013-ல் அமெரிக்கத் தோல் அழற்சி மருத்துவர்களின் சங்கம் ஒன்று அதை ‘அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே, வைப்ஸிலிருந்த அந்தப் பொருளால் ஒவ்வாமை வந்த ஆறு குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. தோலில் தேய்த்து அப்படியே விட்டுவிடும் பொருட்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை போட்டது. வைப்ஸும் அந்த வகையில்தான் வரும், ஏனென்றால் துடைத்தபின் நாம் அலசுவதில்லை. இப்போது பல தயாரிப்பாளர்கள் சோடியம் பென்சோயேட் போன்றவற்றுக்கு மாறிவிட்டார்கள்.

வைப்ஸ் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 280 பச்சிளங்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு குறிப்பிட்ட வகை வைப்ஸும் மற்றதற்குப் பஞ்சும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்தார்கள். 2012-ல் வெளியான முடிவின்படி, தோலின் ஈரப்பதத்தைக் காப்பதில் வைப்ஸ் எந்த விதத்திலும் மட்டமில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது குழந்தைப் பொருட்கள் விற்கும் ஒரு நிறுவனம் என்றாலும், முறையாக நடந்த சோதனைதான் அது. ஆகவே ‘வைப்ஸ் என்றாலே விஷம்’ என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வருவதை நம்ப வேண்டாம்.

சரி, நாம் துடைத்து எடுப்பது எதை? அழுக்கை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் கதை அங்கேதான் இருக்கிறது.

நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பெரியவர்களுக்குப் பிஎச் அளவு (7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டி இருக்கும். பிறந்த குழந்தையின் தோல் கிட்டத்தட்ட நடுநிலையில் இருந்து, அடுத்தடுத்த நாட்களில் மெல்ல மெல்ல அமிலத்தன்மைக்கு வருகிறது. மேல்தோலின் வெளி அடுக்கும் கைக்குழந்தைக்குப் பெரியவர்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் மெல்லியது. இந்தத் தோல்மேல் சிறுநீரும் மலமும் ஒன்றாகச் சேர்ந்து கிடந்தால் என்ன ஆகும்? மலத்திலுள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்ற நொதி, சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அம்மோனியா காரம், பிஎச் ஏறுகிறது. இது ஏறியதும், மலத்தோடு வெளியே வந்திருக்கும் செரிமான நொதிகள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. புரதத்தையும் கொழுப்பையும் உடைப்பதுதான் குடலில் அவற்றின் வேலை. வெளியே வந்தபின் அவற்றுக்குக் கிடைக்கும் புரதமும் கொழுப்பும் குழந்தையின் தோல்தான். பின்புறம் சிவந்து எரிவதற்கு இதுவே முக்கியக் காரணம். சிறுநீரோ மலமோ தனியாக இருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை, இரண்டும் சேர்ந்து நேரமும் கடந்தால்தான் வம்பு.

இதிலிருந்து மூன்று விஷயம் புரியும். ஒன்று, எதால் துடைக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் துடைக்கிறோம் என்பது முக்கியம். இரண்டு, ஒவ்வொரு முறையும் சோப்பு போடக் கூடாது; சாதாரணச் சோப்பும் காரம்தான், ஏற்கெனவே ஏறிய பிஎச்சை இன்னும் ஏற்றும். மூன்றாவது, தேய்க்கக் கூடாது. நம் பாட்டிமார் ‘ஒற்றி எடு’ என்று சொன்னது இதைத்தான். குழாயடியில் பிடித்துக் கழுவிவிட்டு ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு எந்த வைப்ஸும் நிகராகாது என்பது என் கருத்து. ராத்திரி இரண்டு மணிக்கு, மார்கழிக் குளிரில், குழாயடி வேண்டாமே என்று தோன்றும்போதுதான் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியின் அருமை தெரியும்.

துணிக்கு வருவோம். பருத்தி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கிய ரிப்பன் மாதிரி இருக்கும். காய் வெடிக்கும்வரை உருண்டைக் குழாயாக இருந்த இழை, வெடித்துக் காய்ந்ததும் காற்றுப்போன டியூப் போலத் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அது கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் ஹைட்ராக்சில் கைகள் அதில் ஏராளம். சாதாரணக் காற்றில் சும்மா வைத்திருந்தாலே 100 கிராம் உலர்ந்த பருத்தி 8 கிராமுக்கு மேல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராமைக்கூடத் தொடாது. பல வைப்ஸ் பாலியெஸ்டரும் விஸ்கோஸும் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) கலந்தவை. நெய்யாமல், இழைகளைப் பரப்பி அதிவேகத் தண்ணீர்ப் பீய்ச்சலால் பின்னிக்கொள்ள வைத்துச் செய்த தாள்கள் அவை. வழுவழுப்பாக இருக்கும். நெய்த துணியிலோ பாவும் ஊடும் ஏறி இறங்கும் மேடு பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்கள் வழித்து எடுக்கும். எங்கள் வீட்டில் மூன்று வைப்ஸ் பிடித்த வேலையை ஒரு துணி முடித்தது.

ஏன் பழைய வேட்டி, புது வேட்டி ஆகாதா? புதிதில் கஞ்சி இருக்கிறது. இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துகளை அடைத்து நிற்பது அதுதான். பருத்தி துணியாகும்போது அதன் மேலுள்ள இயற்கை மெழுகை எடுத்துவிடுவார்கள். கொஞ்சம் மீந்திருந்தாலும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். பத்திருபது முறை துவைத்தபின்தான் சந்துகள் திறந்து, நுண்புழை வழியாகத் தண்ணீர் ஏற ஆரம்பிக்கும். இதே காரணத்தால், வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கித் திரவங்கள் இந்தத் துணிகளுக்கு ஆகாது. அவை கொழுப்பு மாதிரியான பூச்சு ஒன்றை இழைமேல் விட்டுவிட்டுப் போகும். தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் உறிஞ்சாது.

துவைப்பதில் ஒரே ஒரு சட்டம்: முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரில் போட்டால் மலத்திலுள்ள புரதம், முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி இறுகி இழையில் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சலவைத்தூள் போட்டு வெந்நீர்.

அந்தச் சலவைத்தூளுக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் தோல் பதனிடுபவர்கள் தோலை மிருதுவாக்க நாய் மலத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் வேலை செய்வது செரிமான நொதிகள்தான் என்று கண்டு, கணையத்திலிருந்து எடுத்த நொதிகளை அதற்குப் பதிலாக விற்கத் தொடங்கியவர் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மன் வேதியியலாளர். 1907-ல் கூட்டாளியோடு கம்பெனி ஆரம்பித்த அவர், 1913-ல் அதே கணைய நொதிகளைத் துணி துவைக்கவும் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை பெற்றார். ‘புர்னுஸ்’ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. இன்று சலவைத்தூளில் இருப்பவை பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதிகள். ஆனாலும் செய்கிற வேலை அதேதான். குழந்தையின் பின்புறத்தைச் சிவக்க வைப்பவரின் சித்தப்பா மகனை வைத்தே அந்தத் துணியைத் துவைக்கிறோம். அதனால்தான் இரண்டு தடவையாவது நன்றாக அலச வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மஞ்சள் கறை நிற்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை என்றால் கடுகுப்பொடி நிறத்தில் அழுத்தமாக நிற்கும். ஊற வைத்தாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. அம்மா அதைப் பற்றிக் கவலையே படவில்லை. துவைத்த துணியை ஈரத்தோடு மொட்டை மாடியில் காயப் போட்டார். சாயங்காலம் போய் எடுத்தபோது கறை மங்கி, அடையாளம் மட்டுமே இருந்தது. மறுநாள் அதுவும் இல்லை.

அந்த மஞ்சளில் முக்கியப் பங்கு பிலிருபினுக்கு. பழைய ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் நிறமி அது. பெரியவர்களின் குடலில் பாக்டீரியாக்கள் அதை மாற்றிப் பழுப்பு நிறமாக்கிவிடும். பால்குடிக் குழந்தைக்கு அந்தப் பாக்டீரியாக் கூட்டம் இன்னும் குடியேறவில்லை. பிலிருபின் அப்படியே வெளியே வருகிறது. பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் அது கூடினால்தான் மஞ்சள் காமாலை.

1956-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் இருந்தார். குறைமாதக் குழந்தைகளுக்கு வெயிலும் காற்றும் நல்லது என்று நம்பி, அவர்களைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோய் வைப்பவர். ஒரு நாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையின் உடையை விலக்கிக் காட்டினார். உடம்பு வெளுத்திருந்தது, ஒரு முக்கோண இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. விரிப்பின் முனை அந்த இடத்தை மூடியிருந்ததாம். சில வாரம் கழித்து, ஜன்னலோரம் வெயிலில் கிடந்துவிட்ட, பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் பிலிருபின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது தெரிந்தது. ரிச்சர்டு கிரீமர் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் இதைத் துருவி, 1958-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று மஞ்சள் காமாலை வந்த குழந்தையை நீல விளக்கின்கீழ் படுக்க வைப்பதன் தொடக்கம் இதுதான். ஒளி, குறிப்பாக நீல ஒளி, பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தை மாற்றித் தண்ணீரில் கரைய வைக்கிறது. ஒரு பகுதியை உடைத்து நிறமற்றதாக்குகிறது. மாடிக் கொடியில் நடப்பதும் இதன் உறவுக்கார வேலைதான். (இதைப் படித்துவிட்டுக் காமாலை வந்த குழந்தையை நீங்களாகவே வெயிலில் காட்ட வேண்டாம், அளந்த ஒளி வேறு, உச்சி வெயில் வேறு.) சாம்பார் சிந்திய வேட்டியும் வெயிலில் வெளுக்கும். அங்கே ஒளிக்குத் தோற்பது மஞ்சளிலுள்ள குர்குமின். குழந்தை இட்லி, பருப்புச் சாதம் என்று ஆரம்பித்தபின் கறை பழுப்பாகிவிடும். அதன்பிறகு வெயில் முன்போல அவ்வளவு சுலபமாக ஜெயிப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வது? வெயில் இல்லை, வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால் ஒரு முடை வாடை வரும். அந்த வாடையின் முக்கியக் குற்றவாளி மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உலர்த்தலையும் புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும் கெட்டி ஆசாமி. துணி எவ்வளவு நேரம் ஈரமாகக் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அது பெருகும். மின்விசிறியை நேராகத் துணிமேல் திருப்பி வைப்பது, அப்புறம் இஸ்திரி போடுவது, இவை இரண்டும்தான் எங்களைக் காப்பாற்றின. குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ பூஞ்சைத் தொற்றோ இருந்தால் அலசியபின் கொதிக்க வைத்துவிடுவது நல்லது. பருத்தி அதைத் தாங்கும். நனைந்தால் இன்னும் வலுவாகும் இழை அது.

தண்ணீரும் சோப்பும் செலவாகிறதே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் டயபர்களை வைத்துப் போட்டது, வைப்ஸை வைத்தல்ல. எறிந்துவிடும் டயபர் இரண்டரை ஆண்டில் ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். துணி டயபர் 570. வித்தியாசமே இல்லை! ஆனால் இயந்திரத்தை நிறைத்துப் போட்டு, கொடியில் உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் அதே துணியை வைத்துக்கொண்டால் துணியின் கணக்கு 40 சதவீதம் இறங்கிவிடுகிறது. கொடியும் வெயிலும் உள்ள ஊரில் பாதி வேலை தானாக முடிந்துவிடுகிறது. வைப்ஸைக் கழிவறையில் போட்டு ஃபிளஷ் செய்வது மட்டும் எந்த ஊரிலும் கூடாது. 2017-ல் லண்டன் வைட்சேப்பலில் சாக்கடைக்குள் வைப்ஸும் கொழுப்பும் சேர்ந்து இறுகி 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் அடைத்துக்கொண்டிருந்தது. அதன் ஒரு துண்டை அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள்.

வெளியூர் போகும்போது நாங்கள் எடுத்துப்போவது பத்துப் பன்னிரண்டு உலர்ந்த துணி, ஒரு தண்ணீர் பாட்டில், ஜிப் வைத்த ஒரு பை. துணிகளை முன்கூட்டியே நனைத்து எடுத்துப்போய் ஒருமுறை பட்டிருக்கிறோம். திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் வாடை வந்துவிட்டது. அன்றைக்கு நண்பர்கள் தந்த பாக்கெட்டில் ஒன்றைத்தான் பிரித்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஊருக்கு வந்ததும் பையைத் திறந்து அத்தனையையும் பச்சைத் தண்ணீரில் போட்டார்.