கொலராடோவின் 'ஹெச்ஹெச்' வாக்கெடுப்பு: சொத்து வரியும் வருமான வரி ரீஃபண்டும் ஒரே கேள்வியில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அரசு நினைத்தவுடன் வரியை உயர்த்திவிட முடியாது. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். 1992-இல் வாக்காளர்களே மாநில அரசியல் சட்டத்தில் சேர்த்த இந்த விதிக்கு 'டேபர்' (TABOR, வரி செலுத்துவோர் உரிமைச் சாசனம்) என்று பெயர். அரசின் வருவாய்க்கும் அது உச்சவரம்பு வைக்கிறது: விலைவாசி உயர்வும் மக்கள்தொகைப் பெருக்கமும் சேர்ந்து எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் வருவாய் ஆண்டுதோறும் கூடலாம். அதற்கு மேல் வசூலானதைத் திருப்பித் தர வேண்டும். பெரும்பாலோருக்கு இது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ரீஃபண்டாக வருகிறது.

2023-இல் வீடுகளை மறுமதிப்பீடு செய்தபோது பல கவுன்டிகளில் (நம் மாவட்டங்கள் போன்றவை) மதிப்பு 30, 40 சதவீதம் எகிறியது. சொத்து வரியும் அதே வேகத்தில் ஏறும் என்று மக்கள் பயந்தார்கள். அப்போது ஆளுநர் ஜாரெட் போலிஸின் ஆதரவோடு சட்டமன்றம் வாக்கெடுப்புக்கு அனுப்பிய கேள்விதான் ஹெச்ஹெச் (Proposition HH).

கணக்கு இப்படி. 5 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். இருந்த சட்டப்படி 2023-க்கு அதில் 15,000 டாலரைக் கழித்து, மிச்சத்தில் 6.765 சதவீதத்துக்கு வரி போடுவார்கள். அதாவது 32,810 டாலர் வரிக்கு உட்படும். ஹெச்ஹெச் 50,000 கழித்து 6.7 சதவீதம் என்றது, 30,150 ஆகிறது. உள்ளூர் வரி விகிதம் ஆயிரத்துக்கு 80 டாலர் என்றால் ஆண்டுக்குச் சுமார் 213 டாலர் மிச்சம்.

சரி, இதை யார் வேண்டாம் என்பார்கள்? சிக்கல் அடுத்த பாதியில் இருந்தது. டேபர் வரம்பை ஆண்டுக்கு இன்னொரு சதவீதப் புள்ளி உயர்த்தி, அதனால் திருப்பித் தராமல் அரசிடமே தங்கும் பணத்தைப் பள்ளிகளுக்கும், வரி இழக்கும் உள்ளாட்சிகளுக்கும் கொடுப்பது திட்டம். இது 2032 வரை ஓடும், வருடம் ஏற ஏற ரீஃபண்ட் சுருங்கும். வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சொத்து வரிச் சலுகை நேரடியாகக் கிடைக்காது, ரீஃபண்ட் மட்டும் குறையும். வாடகை உதவிக்கும் கொஞ்சம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் அது எல்லா வாடகைதாரருக்கும் போய்ச் சேரும் தொகை அல்ல. பள்ளிகளுக்குப் பணம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைத் தனிக் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே 'ஆம்', 'இல்லை'க்குள் அடைத்தது வாக்காளருக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன்.

2023 நவம்பர் 7 அன்று சுமார் 59 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள்.

அதே மாதம் போலிஸ் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். வீட்டு மதிப்பில் கழிக்கும் தொகை அந்த ஆண்டுக்கு 55,000 டாலர் ஆனது, விகிதம் 6.7 சதவீதம். நம் உதாரண வீட்டுக்கு வரிக்கு உட்படும் தொகை 29,815 டாலர். ஹெச்ஹெச் கொடுத்திருக்கக்கூடியதைவிடச் சலுகை கூடவே கிடைத்தது, டேபர் வரம்பும் அப்படியே இருந்தது. வழக்கமாக வருமானம் அதிகமுள்ளவருக்கு அதிகமாகப் போகும் ரீஃபண்டை, அந்த ஆண்டுக்கு எல்லோருக்கும் சமமாக்கினார்கள்: தலைக்கு 800 டாலர், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 1,600. குறைந்த வருமானக்காரர்களுக்கும் வாடகைதாரர்களுக்கும் இதுதான் பெரிய பலன். ஆனால் அடுத்த ஆண்டே பழைய படிநிலை முறை திரும்பிவிட்டது.