உறைக்குண்டு: முலாமும் அல்ல, கவசமும் அல்ல

‘தோட்டா பாய்ந்து ஒருவர் பலி’ என்று செய்தித்தாள் எழுதும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். தோட்டா பாயாது. பாய்வது குண்டு. தோட்டா என்பது மருந்தும் குண்டும் எரியூட்டியும் சேர்ந்து அடைபட்ட முழுப் பொதி. சுட்ட பிறகு அதன் வெற்றுக்கூடு சுட்டவன் பக்கமே தங்கிவிடும். அந்தக் குண்டில் ஒரு வகையை, ஆங்கிலத்தில் ‘ஜாக்கெட்’ போட்ட குண்டு என்பதை, தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே என் கேள்வி.

முதலில், தோட்டாவுக்கும் குண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சேலம் மாவட்டத்தில் விளக்குவது எளிது. இங்கே தோட்டா என்ற சொல் துப்பாக்கி இல்லாமலும் புழங்குகிறது. கல்குவாரியில் பாறைத் துளைக்குள் இறக்கும் வெடிமருந்துக் குச்சி தோட்டா. மேட்டூர்ப் பக்கம் தண்ணீரில் சட்டவிரோதமாக எறிந்து மீனைக் கொல்வதும் தோட்டாதான். மருந்தைப் பொதிந்து வைத்தது எதுவோ அது தோட்டா. சொல் இந்துஸ்தானியிலிருந்து வந்தது, தெலுங்கில் தூட்டா. ஆங்கிலத்தின் கார்ட்ரிட்ஜும் இதே பொருளைத்தான் சுமக்கிறது. பிரெஞ்சு கார்ட்டூஷ், அதற்கு முன் இத்தாலியக் கார்ட்டோச்சியோ, அதன் வேர் காகிதம். மருந்தைக் காகிதத்தில் சுருட்டிய காலத்துப் பெயர், பித்தளைக் கூடு வந்த பின்னும் நீடிக்கிறது.

குண்டோ நம் சொல். உருண்டையாக இருப்பது குண்டு: குண்டுமணி, குண்டுமல்லி. சங்கப் பாட்டில் ‘குண்டுகண் அகழி’ என்றால் ஆழமான அகழி, அது வேறு கிளை. புல்லட் என்பதும் பிரெஞ்சில் ‘சிறு உருண்டை’ என்ற சொல்லிலிருந்து வந்ததே. இலங்கைத் தமிழர் ரவை, சன்னம் என்றும் எழுதுகிறார்கள். ரவை என்றால் நமக்கு உப்புமா நினைவுக்கு வருவதால் இங்கே அது ஒட்டவில்லை.

இனி தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ஜாக்கெட்’ போட்ட குண்டு என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஜாக்கெட் குண்டு என்று அப்படியே எழுதினால் நம் ஊரில் சிரிப்பார்கள். இங்கே அது புடவையோடு சேர்ந்தது. ‘முலாம் பூசிய குண்டு’, ‘கவசக் குண்டு’ என்ற இரண்டையும் மொழிபெயர்ப்புகளில் பார்த்திருக்கிறேன். இரண்டுமே தவறு. ஏன் என்று சொல்ல, அந்த உறை எதற்கு வந்தது என்று பார்க்க வேண்டும்.

பழைய குண்டு வெறும் ஈயம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துப் பங்களாக்களில் இருந்த ‘பன்னிரண்டு போர்’ (bore, குழல் விட்டம்) இரட்டைக்குழல் துப்பாக்கியின் பெயரே ஈயக் கணக்கு: ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே குழலின் விட்டம். (மலையில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கியில் ஈயம்கூடக் கட்டாயமில்லை. சைக்கிள் கடை பால்ரஸ் போதும்.) கரிமருந்து என்ற பழைய வெடிமருந்தின் வேகத்துக்கு ஈயம் தாக்குப்பிடித்தது. 1884இல் பிரான்ஸில் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தைச் செய்தார். 1886இல் அதை வைத்து லெபெல் துப்பாக்கி வந்தது. வேகம் பெருகியது. குழலின் உட்புறம் மரைபோல் சுற்றிச் செல்லும் பள்ளங்கள்தாம் குண்டைச் சுழற்றி நேராக அனுப்புகின்றன. அந்த வேகத்தில் மெத்தென்ற ஈயம் பள்ளத்தைப் பற்றிக்கொள்ள முடியாமல் வழுக்கியது, வழித்துக்கொண்டு குழலெங்கும் அப்பியது. நாலு முறை சுட்டால் குறி தவறும்.

இதற்குத் தீர்வு முன்பே தயாராக இருந்தது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1882இல் ஈயக் கருவுக்குச் செம்பு உறை போட்டுவிட்டார். பிறகு செம்பும் நிக்கலும் கலந்த உறை வந்தது. அதுவும் குழலில் அழுக்காகப் படிந்ததால், பின்னாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு செம்பும் ஐந்து பங்கு துத்தநாகமும் கலந்த உலோகம் நிலைத்தது.

ஆக, உறை முதலில் வந்தது குழலுக்காக. கவசம் என்பது அணிந்தவரைக் காப்பது. மேலும், கவசத்தைத் துளைக்கும் குண்டு என்று வேறொரு வகை இருக்கிறது. அதன் கருவே எஃகு போன்ற கடினமான உலோகம். இதைக் கவசக் குண்டு என்றால் இரண்டும் குழம்பிவிடும்.

முலாம் ஏன் கூடாது என்பதைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கண்ணால் பார்த்தேன். பட்டறைக்கார அண்ணன் செம்பின்மேல் வெள்ளி முலாம் போட்ட ஒரு கொலுசை எடுத்து அரத்தால் இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்றாவது இழுப்பில் சிவப்பு தெரிந்தது. “முலாம் இவ்வளவுதான் தம்பி. தகடு என்றால் கதை வேறு” என்றார். குண்டிலும் அப்படித்தான். மின்முறையில் செம்பு படியவைத்த முலாம் குண்டு தனி வகை. அதன் தோல் மெல்லியது, வேகம் கூடினால் பிய்யும். உறைக்குண்டின் உறையோ, தகட்டை அழுத்திக் கிண்ணமாக்கி, இழுத்து நீட்டி, உள்ளே ஈயம் செலுத்தி இறுக்கியது. கனம் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கவரிங் நகைக்கும் கெட்டி நகைக்கும் உள்ள வேறுபாடு என்று சொன்னால் சேலத்தில் யாருக்கும் புரியும்.

எனவே என் தேர்வு ‘உறை’. இதற்கு எதிர்பாராத ஒரு சான்றும் உண்டு. கல்கத்தாவுக்கு அருகில் உள்ள தம்தம் ஆயுதச்சாலையில், முனையில் ஈயம் வெளியே தெரியும்படி விட்ட குண்டுகளைச் செய்தார்கள். உடலுக்குள் நுழைந்ததும் அவை விரிந்து கோரமான காயம் உண்டாக்கும். இத்தகைய விரியும் குண்டுகளைப் போரில் தடுக்க 1899இல் ஹேக் மாநாடு வெளியிட்ட பிரகடனம், கருவை முழுதும் மூடாத கடின உறை என்று வர்ணிக்கும்போது ‘ஜாக்கெட்’ என்று எழுதவில்லை. ‘என்வலப்’ என்றே எழுதியது. கடிதம் வைக்கும் அதே சொல். நமக்கும் கடித உறைதான். அந்த வகைக்கு ‘முனை திறந்த உறைக்குண்டு’ போதும். நெடுக மூடியதற்கு ‘முழு உறைக்குண்டு’. தோட்டாவின் பித்தளைப் பகுதியை மட்டும் உறை என்று எழுதாமல் ‘கூடு’ என்றே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இதையெல்லாம் படம் வரைந்து காட்டியபோது அண்ணன் ஒரே இடத்தில் விரலை வைத்தார். “அடியில் மூடவில்லையே, பிறகு எப்படி முழு உறை?” உண்மைதான். முழு உறை என்று பெயர் பெற்ற குண்டிலும் பெரும்பாலும் அடிப்பக்கம் ஈயம் தெரியும், அந்த வழியாகத்தான் கரு உள்ளே போகிறது. அவர் சிரித்துக்கொண்டே, “கூர்முனை, உள்ளே பொள்ளல், அடி திறப்பு. பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் மாட்டுவோமே, அந்தக் குப்பி இது” என்றார்.

ஈயம் ஏறிய பின் உறை. ஏறுவதற்கு முன், வெறும் தகட்டுக் கிண்ணமாக இருக்கும்போது குப்பி. ஆங்கிலத்திலும் அந்த நிலையில் அதைக் கிண்ணம் என்றுதான் சொல்கிறார்கள். என் சொல்பட்டியலில் அன்றே இரண்டையும் எழுதிக்கொண்டேன்.