நொய்யாகிப்போன நேரம்

ராமநாதபுரம் கடலோரத்தில் பல ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதும்போதெல்லாம் "நன்றாக ஓய்வெடுங்கள்" என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம். அந்தச் சொல்லுக்கு எதிரில் இருப்பவர் என்ன பொருள் கொள்கிறார் என்று கேட்டதில்லை. பாம்பன் பக்கத்துக் கருவாட்டு வியாபாரி ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்) மூன்று மாதம் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் அழுத்தம் இறங்காமல் வந்து நின்றபோதுதான், "ஓய்வு எடுக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டேன். "எடுக்காம என்ன டாக்டர், குழாயடியில தெனமும் ரெண்டு மணி நேரம் சும்மாதான உக்காந்திருக்கேன்" என்றார்.

எங்கள் மாவட்டத்தின் தண்ணீர்ப்பாடு தெரிந்தவர்களுக்கு இந்தப் பதில் விளங்கும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் அந்த நேரத்தில் கை வேண்டுமானால் சும்மா இருக்கலாம். கண் வரிசையின் மேலும், காது எந்நேரமும் அழைக்கக்கூடிய மொத்த வியாபாரியின் மேலும், மனம் வீட்டு வாசலில் காயப்போட்ட நெத்திலியைக் காகம் கொத்துகிறதா என்பதன் மேலும் இருக்கும். இதை ஓய்வு என்று அவர் நம்பியதைவிட, நானும் அதுவரை அப்படியே எண்ணியிருப்பேன் என்பதுதான் என்னை உறுத்தியது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரிஜிட் ஷுல்ட்டிக்கும் இதே சிக்கல் வந்தது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் செய்தியாளராகவும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகவும் மூச்சுவிட நேரமின்றி ஓடிக்கொண்டிருந்த அவரிடம், மக்களின் நேரப் பயன்பாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த மேரிலாந்து பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜான் ராபின்சன், பெண்களுக்கு வாரத்தில் 30 மணி நேரமாவது ஓய்வு இருக்கிறது என்று சொன்னார். நம்பமுடியாத ஷுல்ட்டி தம் நாட்களை நாட்குறிப்பில் எழுதிக் கொடுக்க, அதில் ஓய்வு என்று ராபின்சன் குறித்தவற்றில் பழுதான காரோடு சாலையோரத்தில் இழுவை வண்டிக்காகக் காத்துக் கிடந்த பொழுதும் இருந்தது. இந்த முரணிலிருந்து கிளம்பிய தேடலே 2014இல் அவருடைய நூலாக வந்தது. பத்து நிமிடம், கால் மணி என்று சிதறிக் கிடக்கும் இத்தகைய நேரத்தை அவர் விழாக்களில் தூவும் வண்ணக் காகிதத் துணுக்குகளுக்கு ஒப்பிட்டார். எனக்கென்னவோ நொய் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. படியில் அளந்தால் அரிசியும் நொய்யும் ஒரே அளவுதான் காட்டும். உலையில் போட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

அளவிலும் குறை இல்லாமல் இல்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. அதே சுகாதார நிறுவனம் 2019இல் வேலைச் சோர்வுக்கு விளக்கம் தந்தபோது, அச்சொல் தொழில் சார்ந்த நிலைக்கு மட்டுமே பொருந்தும், வாழ்க்கையின் பிற பகுதிகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று வரையறுத்தது. அப்படியானால் குழாயடியில் தேய்ந்துபோகிறவருக்கு நான் எந்தப் பெயரை எழுதுவது?

கடலுக்குப் போகிறவர்களுக்காவது வேலைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் நீரிணைப் பக்கத்தில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்வளத்துக்காகவும் சச்சரவைத் தவிர்க்கவும் வந்த விதிகள் என்றாலும், கரையில் நிற்கும் நாளில் படகில் வேலை செய்கிறவரை யாரும் கடலுக்குக் கூப்பிட முடியாது. ஆனால் அந்த நாட்களை நான் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. தடைக்காலத்தில் தூக்கமில்லை என்று வருகிற ஆண்களை விசாரித்தால், பெரும்பாலும் வட்டிக் கணக்கில்தான் போய் நிற்கும். வருமானமின்றிக் கிடைக்கும் விடுப்பும் ஓய்வாகிவிடாது.

இப்போதெல்லாம் நோயாளிகளிடம் ஒரு வாரத்துக்கு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அரைமணிக்கு ஒரு வரி எழுதிவரச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தருகிறார்கள். ஒவ்வொரு வரியிலும் நான் பார்ப்பது, அந்த நேரத்தில் வேறு யாராவது அவரைக் கூப்பிட்டிருக்க முடியுமா என்பதைத்தான். யாரும் கூப்பிட முடியாத ஒரு மணி நேரம் வாரத்தில் இரண்டு முறையாவது இல்லையென்றால், வீட்டாரையும் அழைத்துவரச் சொல்லிப் பேசுகிறேன். இது மாத்திரைக்கு மாற்று அன்று. தலைவலியோ படபடப்போ தூக்கமின்மையோ தொடர்ந்தால் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும்.

கருவாட்டு வியாபாரியின் தாள்களில் ஏழு நாளும் அப்படி ஒரு வரிகூட இல்லை. விசைப்படகில் வேலை செய்யும் கணவரிடம் அவற்றைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, படகு போகாத நாட்களில் தண்ணீரைத் தாமே பிடித்துவருவதாகச் சொன்னார். மாத்திரையின் அளவை நான் இன்னும் குறைக்கவில்லை. இரண்டாம் முறை கொண்டுவந்த தாள்களில் செவ்வாய், வியாழன் காலைகளில் மட்டும் "கதவச் சாத்திட்டுப் படுத்தேன்" என்று மகளின் கையெழுத்தில் இருந்தது. கணவர் தள்ளுவண்டியோடு விடியுமுன் இருட்டிலேயே கிளம்பிவிடுகிறாராம். டீக்கடைத் திண்ணையில் இருப்பவர்கள் பார்த்துவிட்டால் கேலி பேசுவார்கள் என்று.